42 வயதில் கீபோர்டு... 71 வயதில் ஒரு மின்னஞ்சல்!

2015-ம் ஆண்டின் கடைசி வாரங்கள். கனடாவில் வசிக்கும் 71 வயது இசைக் கலைஞர் ஒருவருக்கு ஜப்பானிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. அனுப்பியவர் இசைத்தட்டுக் கடைக்காரர். 1986-ல் நீங்கள் வெளியிட்ட கேசட் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இருந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தார்.

மிச்சமா? மிச்சம்தான் அதிகம்! சொந்தக் காசில் போட்டது 200 கேசட். விற்றது சில டஜன். மீதியெல்லாம் 29 வருடங்களாகப் பெட்டிக்குள் கிடந்தன. அனுப்பிவைத்ததும் ஜப்பானில் அவை மளமளவென விற்றுத் தீர, இன்னும் வேண்டும் என்று கடைக்காரர் மறுபடி எழுதினார். அடுத்த சில மாதங்களில் இசை நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைத் தட்டின.

அந்தக் கலைஞர் பெவர்லி க்ளென்-கோப்லண்ட். அந்தக் கேசட்டின் பெயர் 'கீபோர்டு ஃபேன்டஸீஸ்'.

'லோ-ஃபை பீட்ஸ்' போட்டுக்கொண்டு படிக்கிற, வேலை பார்க்கிற என் வயதுக்காரர்களுக்கு டவுன்டெம்போ புதிதல்ல. பெயர்தான் புதிதாக இருக்கலாம். நடன அரங்கில் ஒலிக்கும் ஹவுஸ் இசை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 130 அடிகள் ஓடும். டவுன்டெம்போ 70-லிருந்து 110-க்குள் நடக்கும். ஓய்வில் இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எலெக்ட்ரானிக் கருவிகளில் செய்த இசைதான், ஆனால் ஆடச் சொல்லி அவசரப்படுத்தாது. தாளத்தையும் எடுத்துவிட்டு வெறும் ஒலிப்பரப்பாக விரித்தால் அது ஆம்பியன்ட். 'கீபோர்டு ஃபேன்டஸீஸ்' இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. கடைக்காரர்கள் இன்றைக்கும் அதை எந்த அலமாரியில் வைப்பது என்று ஒரே முடிவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

இந்த இசைக்கு அவர் வந்து சேர்ந்த பாதை நேர்ப்பாதை இல்லை. 1944-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் அப்பா பியானோ வாசிப்பார். மேற்கத்திய செவ்வியல் பாட்டுப் படிக்க 1960-களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இசை படித்த முதல் கறுப்பின மாணவர்களில் ஒருவர். பயிற்சி பெற்ற, ஆழமும் உயரமும் உள்ள குரல் அவருடையது. 1970-களின் தொடக்கத்தில் ஜாஸும் நாட்டுப்புற இசையும் கலந்து இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

பிறகு பிழைப்பு. கனடாவில் ஒரு தலைமுறையே பார்த்து வளர்ந்த 'மிஸ்டர் டிரெஸ்அப்' என்கிற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருபது வருடங்களுக்கு மேல் பாடினார், நடித்தார். 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சிக்கும் பாட்டு எழுதிக் கொடுத்தார். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மூன்று வயதுக் குழந்தையிடம் ஜம்பம் காட்ட முடியாது. மெதுவாக, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப, முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் அப்படியே அந்தக் கேசட்டுக்குள் இருக்கிறது.

இரண்டு கருவிகள், ஒரே ஆள்

1980-களில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹன்ட்ஸ்வில் என்ற ஊர்ப்பக்கம் குடியிருந்தார். ஏரியும் காடும் சூழ்ந்த, குளிர்காலத்தில் பனி மூடிவிடும் பகுதி. ஸ்டுடியோ கிடையாது, பக்கவாத்தியக்காரர்கள் கிடையாது, பணம் போட நிறுவனமும் கிடையாது. கையில் இருந்தவை யமஹா டிஎக்ஸ்7 சின்தசைஸரும் ரோலண்ட் டிஆர்-707 டிரம் மெஷினும்.

டிஎக்ஸ்7 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1983-ல் வந்தது, அமெரிக்காவில் விலை ஏறக்குறைய 2,000 டாலர். அதற்கு முந்தைய சின்தசைஸர்கள் பெரும்பாலும் ஒரு தடித்த ஒலியை எடுத்து, வேண்டாததை வடிகட்டித் தள்ளும். டிஎக்ஸ்7-ல் வேறு வழி. ஓர் ஒலி அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை வேகமாக ஆட்டுவார்கள். அந்த ஆட்டத்தில் மணி மாதிரி, கண்ணாடியைத் தட்டினாற்போல, எலெக்ட்ரிக் பியானோ போல புதுப்புது ஒலிகள் பிறக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1960-களில் கண்டுபிடித்த முறை இது. யமஹா உரிமம் வாங்கிக் கருவியாக்கியது. 16 சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடலாம். 80-களின் ஆங்கிலக் காதல் பாட்டுகளில் வரும் அந்தப் பளபளப்பான பியானோ ஒலி பெரும்பாலும் இதன் கைவரிசைதான். புது ஒலியை உருவாக்குவது படு சிக்கல் என்பதால், முக்கால்வாசிப் பேர் உள்ளே ஏற்கெனவே இருந்த ஒலிகளையே வைத்து ஓட்டினார்கள்.

டிஆர்-707 தாளத்தைப் பார்த்துக்கொண்டது. ஒரு தாளத்தைப் பதிந்துவிட்டால் அது சலிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே 1983-ல் அறிமுகமான 'மிடி' என்ற பொது முறையால், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே வயர் வழியே பேசிக்கொள்ள முடிந்தது. சுருக்கமாகச் சொன்னால், ஒரு குழுவே செய்ய வேண்டிய வேலையை நாற்பதைத் தாண்டிய ஒருவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்யலாம் என்கிற நிலை அப்போதுதான் வந்தது. அவருக்கு 20 வயதாக இருந்தபோது இப்படியொரு கருவியே உலகத்தில் இல்லை. 'தாமதமாக வந்தார்' என்று எழுதுவதற்கு என் கை வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறே பாடல்கள். டிஎக்ஸ்7-ஐ வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் எல்லோரும் மினுக்கியபோது, இவர் அதைக் கிட்டத்தட்டச் சர்ச் ஆர்கன்போல மெதுவாக அழுத்துகிறார். முதல் பாடலான 'எவர் நியூ'வில் குரல் வருவதற்கே நேரமாகும். சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். 'இன்னும் பாட ஆரம்பிக்கலையா?' என்று நீங்கள் போனைப் பார்க்கும் நேரத்தில்தான் அந்தக் குரல் நுழையும். தொடங்கிய சில விநாடிகளில் கவர்ந்தாக வேண்டும் என்று ரீல்ஸ் நம்மைப் பழக்கியிருக்கிறது. அந்தக் கணக்கில் இந்தப் பாட்டு ஃபெயில்.

2002-ல், 58 வயதில், தான் ஒரு திருநம்பி என்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முந்தைய காலத்தில் எழுதப்பட்டவற்றில் அவரைப் பெண்ணாகக் குறிப்பிட்டிருப்பார்கள். தேடிப் படிக்கும்போது குழம்ப வேண்டாம்.

புகழ் வந்தது, வீடு போனது

மின்னஞ்சலுக்குப் பிறகான கதை சினிமா மாதிரி. கேசட் மறுவெளியீடு கண்டது. பேத்தி, பேரன் வயதுள்ள இளம் கலைஞர்கள் சேர்ந்து அவருக்குப் பக்கபலமாக 'இண்டிகோ ரைசிங்' என்ற குழுவானார்கள். ஐரோப்பிய மேடைகள் ஏறினார். 2019-ல் அவரைப் பற்றி ஆவணப்படம் வந்தது. 2021-ல் போன் ஐவர், ஆர்கா, பிளட் ஆரஞ்ச் போன்றவர்கள் அதே பாடல்களைத் தங்கள் பாணியில் மறுபடி செய்து கொடுத்தார்கள்.

இங்கேயே முற்றும் போட்டுவிட்டு, 'வயது வெறும் எண்தான்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2020-ல் கொரோனா வந்தது. சுற்றுப்பயணங்கள் ரத்து. நம்பியிருந்த வருமானம் நின்றது. அப்போது அவருக்கு 76 வயது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடிக்கொண்டிருந்த அதே கலைஞரும் அவர் மனைவியும் சொந்தமாகத் தங்க வீடில்லாமல் நின்றார்கள். குடும்பத்தார் இணையத்தில் நிதி கேட்க, முகம் தெரியாத ரசிகர்கள் கொடுத்து உதவினார்கள். 40 வயதில் கிடைத்திருந்தால் சேமிப்பாகவும் சொந்த வீடாகவும் மாறியிருக்கக்கூடிய வருமானம், 70 வயதுக்கு மேல் மேடை ஏறினால்தான் காசு என்கிற நிலையில் வந்து சேர்ந்தது. அந்த 30 வருட வட்டியை எந்த மறுவெளியீடும் கட்டாது.

அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. 2023-ல் 'தி ஒன்ஸ் அஹெட்' என்ற புது ஆல்பம் தந்தார், 79 வயதில். 2024-ல் தனக்கு டிமென்ஷியா எனும் நினைவிழப்பு நோய் இருப்பதை மனைவியோடு சேர்ந்து வெளியே சொன்னார்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: யூடியூபிலும் ஸ்ட்ரீமிங் ஆப்களிலும் ஆல்பம் முழுதாகக் கிடைக்கிறது. வீட்டில் குழந்தை இருந்தால் 'சன்செட் வில்லேஜ்' என்ற கடைசிப் பாடலிலிருந்து தொடங்குங்கள். தாலாட்டுக்குப் பக்கத்தில் வரும், தூங்க வைக்கும் நேரத்துக்குப் பொருத்தம். 'லெட் அஸ் டான்ஸ்' கொஞ்சம் துள்ளல், காலை சமையலுக்கு ஓடவிடலாம். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். டிஎக்ஸ்7-ன் அடிச்சுரங்கள் அதில் காணாமல் போய்விடும். சாதாரண இயர்போன் போதும். 'எவர் நியூ'வை மட்டும், ஃபார்வர்டு செய்யாமல், குரல் வரும்வரை காத்திருந்து கேளுங்கள்.