நோவை மறைக்க வேண்டாம்



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும்போது நாம் தவறாமல் சென்றுவந்த இல்லம் ஒன்று உண்டு. மார்பகப் புற்றுநோயால் படுக்கையில் விழுந்த முதிய தாய் ஒருவர் அங்கே இருந்தார். நோய் எலும்புகளுக்குப் பரவிவிட்டது, இனி அறுவைச் சிகிச்சையால் பயனில்லை என்று மருத்துவர்கள் கூறியிருந்தனர். நாம் உள்ளே நுழைந்ததும் அவர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உட்கார முயல்வார். "எப்படியம்மா இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஆண்டவர் கிருபையில் நன்றாக இருக்கிறேன் சாமி" என்பார். ஏழு மாதங்கள் இப்படியே கழிந்தன.

ஒரு நாள் அவர் மருமகள் வாசல்வரை நம்மோடு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "சாமி, நீங்கள் வரும்போது மட்டும்தான் அத்தை சிரிக்கிறார்கள். இரவெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள்."

நாம் திரும்பிச் சென்று அந்தத் தாயிடம் காரணம் கேட்டோம். அவர் நெடுநேரம் தயங்கிய பின் சொன்னார்: "தபசுகாலத் தியானத்தில் நீங்கள்தானே சாமி சொன்னீர்கள், வேதனையை முணுமுணுக்காமல் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று? மாத்திரை போட்டு வலியை அமர்த்திவிட்டால், ஒப்புக்கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது?"

நாம் வாயடைத்து நின்றோம். அந்தச் சொல் நம்முடையதே. அது பொய்யன்று; ஆனால் பாதியில் நிறுத்திய சொல். அதன் மறுபாதியை எழுதுவது நமக்குக் கடனாகிவிட்டது. ஆகவே இம்மாதம் நோவைப் பற்றிச் சிந்திப்போம்.

முதலில், வலி என்பது தண்டனையன்று என்பதை மனத்தில் இருத்துவோம். அது உடலின் காவற்காரன். இதை நமக்குத் தெளிவாகக் காட்டியது நம் தமிழகத்து வேலூர்தான். 1946-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் ஏன் தேய்ந்து மறைகின்றன என்று ஆராய்ந்தார். நோயினால் சதை தானாக அழுகி விழுகிறது என்றே அதுவரை பலரும் நம்பியிருந்தனர். நரம்பு செத்து வலி தெரியாமற்போவதே பெருங்காரணம் என்பதை அவர் கண்டார். சுடுகின்ற பாத்திரத்தைப் பிடித்தாலும், காலில் முள் ஏறினாலும், உறக்கத்தில் எலி கடித்தாலும் அவர்கள் அறியமாட்டார்கள். புண்மேல் புண்ணாகி உறுப்பு அழிகிறது. நெடுநாள் சர்க்கரை நோயாளரின் பாதங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அவர்கள் நாள்தோறும் உள்ளங்காலை விளக்கொளியில் பார்ப்பதும், வெறுங்காலுடன் நடவாதிருப்பதும் இதனாலேயே இன்றியமையாதவை.

காவற்காரன் கூவும்போது அவன் வாயை அடைப்பது அறிவுடைமையாகாது. நடுநெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தி, இடத்தோளுக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினால், "வாயுத் தொல்லை" என்று சோடா குடித்துக்கொண்டு காலம் கடத்தலாகாது. அது மாரடைப்பாக இருக்கக்கூடும். சர்க்கரை நோயாளருக்கு நெஞ்சு வலியே இன்றி, மூச்சுத் திணறலும் சோர்வுமாக மட்டும் மாரடைப்பு வருவதுண்டு. திடீரென இடி விழுந்தாற்போல் வரும் தலைவலி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கைகால் தளர்தல், வயிறு கல்லாக இறுகித் தொட முடியாமல் வலித்தல் ஆகிய இவையெல்லாம் விடியும்வரை காத்திருக்கும் நோவுகள் அல்ல. 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆனால் கள்வன் போன பிறகும் கூவிக்கொண்டேயிருக்கும் காவற்காரனும் உண்டு. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்பர். காயம் ஆறிய பின்னரும் நரம்புகள் கிளர்ச்சியுற்று வலியை அனுப்பிக்கொண்டேயிருக்கலாம். இவ்வலி பொய்யன்று, "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் ஏளனம் செய்வது பெரும் அநீதி. எனினும் உறக்கமின்மையும் கவலையும் தனிமையும் இதைப் பெருக்குகின்றன என்பது மெய். விழுந்து அழும் குழந்தையின் முழங்காலைத் தாய் தேய்த்துவிட்டதும் அழுகை அடங்குவதை நாம் காண்கிறோம். தொடு உணர்ச்சி முதுகுத்தண்டிலேயே வலிக்கு ஓரளவு வாயிற்கதவை அடைக்கிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் விளக்கினர். தாயின் கைக்கு மருந்துக் குணம் உண்டு என்பது வெறும் கவிதையன்று.

முழங்கால் தேய்மானத்துக்கும் நாட்பட்ட இடுப்பு வலிக்கும் படுத்தே கிடப்பது மருந்தன்று. படுக்கப் படுக்கத் தசை மெலியும். தசை மெலிய மெலிய மூட்டின்மேல் பாரம் கூடும். தொடைத் தசைகளை உறுதியாக்கும் பயிற்சி, அளவான நடை, உடல் எடையைக் குறைத்தல் இவையே முதல் மருத்துவம். ஆலயத்தில் முழந்தாளிட முடியாத முதியோர் தாராளமாக நாற்காலியில் அமருங்கள். அதனால் பக்தி குறைந்துவிடாது.

மாத்திரைகளைப் பற்றி ஒரு சொல். மருந்துக்கடையில் "வலிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் நம்மிடையே மிகுந்துள்ளது. பாரசிட்டமால் மாத்திரை அளவோடு உண்டால் பெரும்பாலும் தீங்கற்றது. நல்ல உடல்நலமுள்ள வளர்ந்தவருக்கு 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் ஆகாது. முதியோர், உடல் மெலிந்தோர், மது அருந்துவோர், கல்லீரல் நோயாளர் ஆகியோருக்கு அதனினும் குறைவே. மிஞ்சினால் கல்லீரலைக் கெடுக்கும். சளிக்கும் காய்ச்சலுக்கும் விற்கப்படும் பல மாத்திரைகளிலும் இதே மருந்து கலந்திருப்பதால், வேறு வேறு பெயரில் இருமடங்கு உண்டுவிட வாய்ப்புண்டு. டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் முதலியவை வேறு வகையின. இவற்றை நாள்தோறும் உண்போருக்கு இரைப்பைப் புண்ணும் இரத்தக் கசிவும் வரலாம், இரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் பழுதடையலாம். முழங்கால் வலிக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை வாங்கித் தின்று, இறுதியில் சிறுநீரகத்தை இழந்து துன்புறுவோரையும் நாம் சந்தித்திருக்கிறோம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது.

மருத்துவரிடம் செல்வோர் "உடம்பெல்லாம் வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். நம் தாய்மொழி நோவுக்கு எத்தனை சொற்களை வைத்திருக்கிறது! குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, விண்விண்ணென்று தெறித்தல், சுள்ளென்று பாய்தல் என ஒவ்வொன்றும் வேறு. எரிச்சலும், எறும்பு ஊர்வதும், சுள்ளென்று பாய்வதும் நரம்பு வலியாக இருக்கக்கூடும். அதற்கு மருந்தும் வேறு. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது, இரவில் உறங்க விடுகிறதா, பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். அந்தத் தாள் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

இனி அந்தத் தாயின் வினாவுக்கு வருவோம். புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபின் என்னும் மருந்து உண்டு. 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், வலி வந்தபின் மருந்து தேடாமல், வலி திரும்புமுன்னரே வேளை தவறாமல் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். உடலின் நோவோடு மனத்தின் அச்சம், குடும்பக் கவலை, ஆன்மாவின் கலக்கம் ஆகியவையும் சேர்ந்ததே நோயாளியின் முழு வேதனை என்றும் அவர் கற்பித்தார். உலகச் சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்குப் படிப்படியான மருந்து முறையை வகுத்தது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால் மார்ஃபின் கிடைப்பதே அரிதாயிருந்தது. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. 1993-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவப் பணி, அக்கம்பக்கத்தாரே தொண்டர்களாகி இல்லந்தோறும் செல்லும் இயக்கமாக வளர்ந்தது.

"போதை மருந்தாயிற்றே, அடிமையாகிவிடுவாரே" என்று பிள்ளைகள் அஞ்சுகின்றனர். மருத்துவரின் கண்காணிப்பில் புற்றுநோய் வலிக்கு அளவோடு உண்போர் விடயத்தில் அவ்வச்சம் பெரும்பாலும் வேண்டாதது. முதல் சில நாட்கள் மயக்கம் போலிருக்கும், மலச்சிக்கல் உண்டாகும். அதற்கும் மருத்துவர் உடன் மருந்து தருவார்.

திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், மயக்க மருந்து நிபுணர்களின் வினாக்களுக்கு விடையளித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், வலியைத் தணிக்க மருந்தை ஏற்பது தகும் என்று தெளிவாகக் கூறினார். வேறு வழியில்லாதபோது, வலியை நீக்கும் நோக்குடன் கொடுக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடுமாயினும் அது கொலையாகாது என்றும் விளக்கினார். நோயாளி தன் கடமைகளை நிறைவேற்ற இயலாதபடி, தக்க காரணமின்றி அறிவை மழுங்கச் செய்யலாகாது என்பது மட்டுமே அவர் விதித்த வரம்பு. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1984-இல் துன்பத்தின் பொருளைப் பற்றி எழுதிய திருமடலில், நல்ல சமாரியரையே நம் முன் நிறுத்துகிறார். குற்றுயிராய்க் கிடந்தவனிடம் அந்தச் சமாரியர் பொறுமையைப் போதிக்கவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார்.

ஆண்டவரும் தம்மிடம் வந்த நோயாளர் எவரிடமும் "சகித்துக்கொள்" என்று சொல்லி அனுப்பவில்லை, தொட்டுக் குணமாக்கினார். தமக்கு வந்த துன்பக் கலத்தையும் அகற்றும்படி முதலில் மன்றாடினார். நீக்கக்கூடிய நோவை நீக்குவது நம் கடமை. எல்லா முயற்சிக்கும் பின் எஞ்சி நிற்பதே ஒப்புக்கொடுக்க வேண்டிய சிலுவை. நாம் சொல்லாமல் விட்ட மறுபாதி இதுவே.

இதை அந்தத் தாயிடம் சொன்னோம். நம் பிழைக்கு மன்னிப்பும் கேட்டோம். மருத்துவர் நான்கு மணிக்கொரு முறை என்று குறித்த மாத்திரையை மருமகள் தம் கையாலேயே கொடுத்தார். அடுத்த முதல் வெள்ளியன்று அவர் திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "சாமி, அந்த வலியில் ஒரு அருள்நிறைந்த மந்திரம்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. இப்போது ஐம்பத்துமூன்று மணியும் சொல்கிறேன்" என்றார். ஒப்புக்கொடுக்க வேறு என்ன இருக்கிறது என்று கேட்டவர், தாமே விடை கண்டுகொண்டார். அதன்பின் பதினொரு வாரங்கள் வாழ்ந்து, நோயில்பூசுதல் பெற்று, மருமகள் மடியில் அமைதியாகக் கண்மூடினார்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் நோயாளர் இருந்தால், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "வலிக்கிறதா? இரவு உறங்கினீர்களா?" என்றும் கேளுங்கள். பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வசதியில்லையெனில், உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நோய்த்தணிப்புச் சேவையைப் பற்றி விசாரியுங்கள். 2021-இல் தமிழகத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் அச்சேவையும் சேர்க்கப்பட்டது. நோயாளரே, உங்கள் பங்குத்தந்தை வரும்போது அவரை மகிழ்விக்க வேண்டிச் சிரிக்க வேண்டாம். நோவை உள்ளபடி சொல்லுங்கள். நற்கருணைக்கு முன் அதைக் கேட்டறிவதை நாமும் இப்போது வழக்கமாக்கிக்கொண்டோம்.