ஐந்து நிமிஷம் அவன் சொல்படி!

"ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான். ரெண்டு வரி எழுதறதுக்குள்ள எழுந்து ஓடறான். முடிக்கிற வரைக்கும் விளையாட்டே கிடையாதுன்னு சொல்லிட்டேன்!" என்று அலுத்துக்கொள்ளும் தாய்மார்கள் பலர். கண்டிப்பு வேண்டியதுதான். ஆனால் கவனம் நிலைக்காத குழந்தையிடமிருந்து விளையாட்டைப் பறித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் இந்தக் குறை பிடிவாதமல்ல. மூளை வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டது. பரம்பரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆகவே, "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று யாராவது சொன்னால் மனம் குமையாதீர்கள். சில குழந்தைகள், முக்கியமாகப் பெண் குழந்தைகள், ஓடாமல் ஆடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுவும் இதுவாக இருக்கலாம்.

விளையாட்டில் குழந்தை முன்னே போகட்டும், பெரியவர் பின்னே வரட்டும் என்பது வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1947-ல் எழுதிய நூலின் சாரம். 1970-களில் ஷீலா ஐபெர்க் என்பவர், சொன்ன பேச்சுக் கேட்காத சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கே இந்த வித்தையைப் பழக்கினார். தினம் 5 நிமிஷம் போதும்.

டி.வி., செல்போனை அணைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். கட்டைகள், சொப்பு, கொஞ்சம் சப்பாத்தி மாவு, எதுவானாலும் சரி. அவனே தேர்ந்தெடுக்கட்டும். அந்த 5 நிமிஷமும் கட்டளை கூடாது, கேள்வி கூடாது, குற்றமும் சொல்லக் கூடாது. அவன் செய்வதை மட்டும் சொல்லுங்கள்: "சிவப்புக் கட்டையை மேலே வெச்சுட்டியே!" பாராட்டும்போது வெறும் 'சமர்த்து' போதாது. "சாயாம மெதுவா வெச்சே, அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்று காரணத்தோடு சொல்லுங்கள். அடித்தாலோ, பொருளை வீசினாலோ அன்றைய ஆட்டத்தை நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். பள்ளியில் குறும்பு செய்தான் என்பதற்காக மட்டும் இதை ரத்து செய்யாதீர்கள். இது பரிசு அல்ல, சாப்பாடு மாதிரி.

மற்ற நேரத்தில் நம் பழைய ஆட்டங்கள் இருக்கவே இருக்கின்றன. 14 குழிப் பல்லாங்குழியில் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பாட்டு நின்றதும் சிலையாக நிற்கும் ஆட்டத்தில் உடம்பை அடக்கப் பழகலாம். (வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சோழி, புளியங்கொட்டை ஜாக்கிரதை!) மாலையில் ஓடியாடிவிட்டு வந்தபின் பாடத்துக்கு உட்கார வையுங்கள்.

விளையாட்டு ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வீட்டிலும் பள்ளியிலும் 6 மாதத்துக்கு மேல் இதே நிலை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். கண், காது, தூக்கம் மூன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். 6 வயதுக்குள் என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. பெரிய பிள்ளைகளுக்கு மருந்து எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

'உட்காரு, ஓடாதே, கவனி' என்று நாள் முழுக்கக் கேட்கும் காது அது. இன்று சாயங்காலம் 5 நிமிஷம் அதற்கு ஓய்வு கொடுத்துப் பாருங்களேன்!