நற்செய்திக்கு முன்னே கெட்ட செய்தி

நல்ல காரியத்துக்கு அழைத்தால் போக வேண்டும். கெட்ட காரியத்துக்கு அழைக்காமலே போக வேண்டும். இது நம் முன்னோர் வகுத்துத் தந்த வழக்கம். விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊர்களில் இன்றும் இது மாறவில்லை. இழவு விழுந்த வீட்டுக்குப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் வந்து நிற்பான். அவ்வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் உறவினர் சோறு கொண்டு வருவர். மாரடித்து ஒப்பாரி சொல்ல மூதாட்டிகள் இருக்கிறார்கள். சாவு என்னும் பெருந்துயரை ஊர் கூடிச் சுமக்கும் முறையை நாம் நன்கு அறிவோம்.

ஆனால் சாவுக்குக் குறைந்த துயரங்களை யார் சுமப்பது? சனிக்கிழமைக் கூலியில் பாதியை முன்பணத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள்; காயவைத்த வெடி மழையில் நனைந்ததால் ஒரு வாரமாக வேலை இல்லை; குழுக்கடன் தவணை நாள் நெருங்குகிறது; பெண் பார்த்துப் போனவர்களிடமிருந்து பதிலே இல்லை; தேர்வு முடிவுகளில் மாநிலத்தின் முன்வரிசையில் நின்று பெயர் பெற்ற மாவட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளை தோற்றுப்போனான். இவற்றுக்கு ஒப்பாரி கிடையாது. அழைக்காமல் வருவாரும் கிடையாது. இவை கதவுக்குள் தாழிடப்படுகின்றன. இந்த மௌனத்துக்கு ஊரில் ‘மானம்’ என்று பெயர். கோவிலுக்குள் வந்ததும் அதற்கே ‘விசுவாசம்’ என்று பெயர் சூட்டி விடுகிறோம். அது மானமும் அன்று, விசுவாசமும் அன்று என்பதே என் வழக்கு. குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியவன் நானே.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்பியக் கூட்டம். விவிலியம் வாசித்து முடித்ததும் பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஒரு தாய், “சாமி, இந்த வாரமும் கூலி வரலை” என்று தொடங்கினார். அடுத்த தெருவில் இன்னொரு கூட்டம் எனக்காகக் காத்திருந்தது. “ஆண்டவர் பார்த்துக்கொள்வார் அம்மா, அந்தக் கருத்துக்காகவும் செபிப்போம்” என்று சொல்லி, விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று தொடங்கிவிட்டேன். செபத்தைக் கொண்டே ஒரு வாயை அடைத்தேன். அதன்பின் அவர் அன்பியத்துக்கு வரவில்லை. வராததையும் நான் மூன்று மாதம் கழித்தே கவனித்தேன்.

குரு ஏலியும் இதைத்தான் செய்தார். சீலோவின் ஆலயத்தில் அன்னா உதடு மட்டும் அசையத் தன் மனத்துயரைக் கொட்டியபோது, அவளைக் குடித்திருப்பவள் என்று அவர் கடிந்துகொண்டார். ஆனால் அவள் விளக்கியபோது காதுகொடுத்துக் கேட்டார். பிறகே ஆசி வழங்கி அனுப்பினார். முகம் வாடியிருந்த அன்னா அதன்பின் உணவு உண்டாள் என்கிறது சாமுவேல் முதல் நூல். கவனியுங்கள்: அவள் உணவு உண்டது குழந்தை பிறந்த பிறகு அன்று, தன் துயரைச் சொல்லி முடித்த பிறகு.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு குறித்து அளித்த தீர்ப்பையும், பேரியம் உப்புக்கு விழுந்த தடையையும் அடுத்து, அந்தத் தீபாவளிக்குப் பின் சிவகாசி வட்டாரத்து ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. தீர்ப்பின் நன்மை தீமைகளை இங்கே நான் ஆராயப் புகவில்லை. அந்த மாதங்களில் நற்கருணை வாங்க வரிசையில் வந்த பெண்களின் காதுகளைப் பார்த்தேன். தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது. ஞாயிற்றுக்கு ஞாயிறு குச்சிகள் கூடின. ஆனால் விசுவாசிகள் மன்றாட்டில் நாங்கள் அச்சிட்ட ஏட்டிலிருந்து உலக அமைதிக்காகவும் நாட்டுத் தலைவர்களுக்காகவும் ஒழுங்காக மன்றாடிக்கொண்டிருந்தோம். அடகுக்கடையில் இருந்த தோடுகள் எங்கள் மன்றாட்டில் இடம்பெறவே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் முழந்தாளிட்ட இருவர், இருவர் காதிலும் குச்சி இருக்க, ஒருவரிடம் ஒருவர் ஒரு சொல்லும் பேசாமல் வீடு திரும்பினர். இதற்குப் பெயர் திருச்சபையா?

‘முறையிடுவது விசுவாசக் குறைவு’ என்பார் சிலர். அப்படியானால் விவிலியத்தில் பாதியைக் கிழித்தெறிய வேண்டியிருக்கும். திருப்பாடல்கள் 150இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 88ஆம் திருப்பாடல் புலம்பலாகத் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசி அடியில்கூட ஆறுதல் இல்லை. திருச்சபை அதையும் இறைவாக்காகவே ஏற்றுத் தன் இரவு மன்றாட்டில் வைத்திருக்கிறது. எரேமியா தான் பிறந்த நாளையே சபித்தார். அவர்களை விடுங்கள், ஆண்டவர் இயேசுவே கெத்சமனித் தோட்டத்தில் தம் உள்ளத்தின் துயரத்தை மூன்று நண்பர்களிடம் வாய்விட்டுச் சொன்னார், தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். இறைமகனுக்கே கேட்க ஆள் தேவைப்பட்டது. நமக்குத் தேவையில்லை என்று சொல்வது பக்தியா, செருக்கா?

எம்மாவு வழியை நினைத்துப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவரிடம் உலகின் மாபெரும் நற்செய்தி இருந்தது. கிளயோப்பாவையும் அவருடைய தோழரையும் கண்டவுடன் அதை அறிவித்திருக்கலாம். அவரோ, வழியில் என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் முகவாட்டத்தோடு நின்றார்கள்; பிறகு தாங்கள் நம்பியிருந்தது பொய்த்துப்போன கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார்கள். எல்லாம் அறிந்தவர் எதுவும் அறியாதவர் போல் அவ்வளவையும் கேட்டார். அதன் பின்னரே மறைநூலை விளக்கினார்; அதன் பின்னரே அப்பத்தைப் பிட்டார். ஏமாற்றம், இறைவார்த்தை, அப்பம் என்ற இந்த வரிசையில் முதலாவதை நாம் வெட்டிவிட்டோம். நம் மறையுரை பலருக்கு உறைக்காமல் போவதற்கு இதுவும் காரணம் என்று அஞ்சுகிறேன்.

நம் செபக் கூட்டங்களில் சாட்சியம் சொல்லக் கூப்பிடுகிறோம். யார் எழுந்து வருகிறார்? வேலை கிடைத்தவர், நோய் தீர்ந்தவர், கடன் அடைந்தவர். நன்றி சொல்வது நல்லதே. ஆனால் வேலை கிடைக்காதவர், நோய் தீராதவர், வட்டி கட்டியே தேய்ந்தவர் பின்வரிசையில் இருந்து கைதட்டிவிட்டு, தம் செபத்தில்தான் ஏதோ குறை என்ற புதிய பாரத்தோடு வீடு செல்கிறார். இந்தத் தீங்கைச் செய்வது நாமே.

இதில் உயிரும் அடங்கியிருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்லர். புகையைக் கண்டு உதவ ஓடியவர்களும் பார்க்க வந்தவர்களும். புகை எழுந்தால் உயிரைப் பொருட்படுத்தாமல் ஓடும் மக்கள் நாம்! 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் ஊர் திரண்டது. ஆனால் எந்த ஆலையிலும் வெடிப்பு நேர்வதற்கு முந்தைய வாரங்களில் எத்தனை வீடுகளில் எத்தனை சிறு செய்திகள் விழுங்கப்படுகின்றன? ‘நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதலாக ஆள் வைக்கிறார்கள்’, ‘ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள்’, ‘மீந்த மருந்தை அப்படியே விட்டுப் போகச் சொல்கிறார்கள்’. சொன்னால் வேலை போகும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே அஞ்சுகிறார். பத்துப் பேர் ஒரே அச்சத்தை ஒரே திண்ணையில் சொல்லியிருந்தால் அது முறையீடாக மாறியிருக்கும். கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது, ஈரம் பட்டால் தானே சூடேறி வெடிக்கும் என்பது இங்கே வேலை செய்வோருக்குத் தெரியும். நெஞ்சில் வைத்துப் பூட்டிய செய்தியும் அப்படித்தான்.

‘சொன்னால் ஊர் சிரிக்கும், தெரு முழுதும் பரவும்’ என்ற மறுப்பை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். இது உண்மையான அச்சம். புறணி பேசுவதில் நம் பங்குகள் எவருக்கும் இளைத்தவை அல்ல. ஆனால் கிணற்றில் பாம்பு கிடந்தால் கிணற்றைத் தூர்ப்பதா, பாம்பை எடுப்பதா? அன்பியத்தில் கேட்டது அன்பியத்தோடு நிற்க வேண்டும். மீறுவோரைப் பொறுப்பாளர் கண்டிக்க வேண்டும். தன் துயரை மட்டுமே சொல்லலாம். அடுத்த வீட்டுக் கதையைச் சொல்லக் கூடாது. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது.

‘சொல்வதால் கடன் தீருமா’ என்பது அடுத்த கேள்வி. தீராது. ஆனால் என் பங்கில் ஒரு தெருவில் ஒருவர் துணிந்து வாய் திறந்த மாலையில், ஐந்து வீடுகள் ஒரே ஆளிடம் வட்டிக்கு வாங்கியிருப்பது தெரியவந்தது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருப்பதை அவர்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. ஐவரும் சேர்ந்து போய்ப் பேசினர், தவணை குறைந்தது. தோற்றுப்போன பிள்ளையின் தாயிடம், “என் மகனும் துணைத்தேர்வு எழுதித்தான் தேறினான்” என்று இன்னொரு தாய் சொன்னார். அதற்கு என்ன விலை? எதுவுமே மாறாத வீடுகளும் உண்டு. அங்கேயும் தனியே சுமந்த பாரம் இருவர் தோளுக்கு வந்தது. ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்குவதே கிறிஸ்துவின் சட்டத்தை நிறைவேற்றுவது எனப் புனித பவுல் கலாத்தியருக்கு எழுதினார். சுமை இன்னதென்று சொல்லப்படாமல் எவ்வாறு தாங்குவது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, மக்களின் மகிழ்ச்சியையும் நம்பிக்கையையும் போலவே அவர்களின் கவலையையும் துயரத்தையும் கிறிஸ்துவின் சீடர்களுடையவையாக ஏற்றுத்தான் தொடங்குகிறது. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதை நம் தெருவுக்குக் கொண்டுவரப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அன்பியக் கூட்டத்தின் முதல் கால் மணி நேரத்தை ஒதுக்குவோம். இந்த வாரம் பொய்த்தது என்ன என்று கேட்போம். சொல்பவரை இடைமறிக்க வேண்டாம், அறிவுரை வேண்டாம், உடனே செபமும் வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டார்கள். கேட்டு முடித்தபின் விவிலியத்தைத் திறப்போம். அன்று அது வேறு நூலாக இருக்கும்.

அந்தத் தாயின் வீட்டுக்கு நான் பின்னர் போனேன். மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லை சாமி” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் தரையில் உட்கார்ந்து, “அன்றைக்குச் சொல்ல வந்ததை இப்போது சொல்லுங்கள்” என்றேன். ஒரு மணி நேரம் சொன்னார். என்னிடம் தீர்வு ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த வாரம் அவர் அன்பியத்துக்கு வந்தார்.