எழுதப்படாத நாவலின் நாட்குறிப்பு

சென்ற மாதம் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்த அறையில் நண்பர் ஒருவர், தன் நாவல் 60,000 வார்த்தைகளைத் தாண்டிவிட்டது என்று அறிவித்தார். இரண்டு பேர் கைகொடுத்தார்கள். ஒருவர் டீ வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்த 60,000-த்தில் ஒரு வாக்கியத்தையாவது படியுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வங்கியில் பன்னிரண்டு வருஷமாக எண்ணிக்கொண்டிருப்பவன் நான். எண்ணிக்கையின் மேல் எனக்குத் துவேஷம் கிடையாது. ஆனால் பத்து ரூபாய்த் தாளுக்கும் வெற்றுத் தாளுக்கும் வித்தியாசம் பார்க்காமல் எண்ணுகிறவனைக் காஷ் கவுண்டரில் உட்காரவைக்க மாட்டார்கள்.

நண்பர் தனி ஆள் அல்ல. ஒரு போக்கின் பிரதிநிதி. நாவல் வருமுன் நாவலின் நாட்குறிப்பு வந்துவிடுகிறது. இன்று எத்தனை பக்கம், நேற்று என்ன படித்தேன், மழையைப் பற்றி, மந்திரியைப் பற்றி, மற்ற நாவலாசிரியர்களைப் பற்றி என் அபிப்பிராயம் இது. கேட்டால் வர்ஜினியா வுல்ஃபைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அவள் செய்யவில்லையா என்கிறார்கள்.

அவள் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம்மவர்கள் கையில் வைத்திருப்பது ‘எ ரைட்டர்ஸ் டயரி’. வர்ஜினியா இறந்தது 1941-இல். புத்தகம் வந்தது 1953-இல். கணவர் லியனார்ட் வுல்ஃப், நாட்குறிப்பு நோட்டுகளிலிருந்து பெரும்பாலும் எழுத்தும் படிப்பும் சம்பந்தப்பட்ட பகுதிகளை மட்டும் பொறுக்கிக் கோத்தது. இப்படிப் பொறுக்கினால் ஆளின் உருவம் கோணலாகத்தான் தெரியும் என்று அவரே முன்னுரையில் எச்சரித்திருக்கிறார். நம்மவர்கள் முன்னுரையைத் தாண்டிப் போய்விட்டார்கள். பொறுக்கி எடுத்ததை முழு வாழ்க்கை என்று நம்பி, அந்த அச்சில் தங்கள் தினசரியை வார்க்கிறார்கள்.

முதலில் முன்னேற்ற அறிக்கை. ‘மிஸஸ் டாலவே’ ஒரு சிறுகதையாகக் கிளம்பியது; 1922 அக்டோபரில் அது நாவலாகக் கிளைக்கிறது என்று குறிக்கிறாள். அடுத்த அக்டோபரில் என்ன குறிக்கிறாள்? பாத்திரங்களுக்குப் பின்னால் அவர்களுடைய கடந்த காலத்தைக் குகை குகையாகத் தோண்டிச் சேர்க்கும் முறையைக் கண்டுபிடிக்க ஒரு வருஷத் தடவல் தேவைப்பட்டது என்கிறாள். பைத்தியம் பிடித்தவனின் காட்சியை எழுதும்போது ஒரு காலைக்கு ஐம்பது வார்த்தை நகர்ந்தால் பெரிது என்கிறாள். இதுவும் எண்ணிக்கைதான். ஆனால் கைதட்டலுக்கான எண்ணிக்கை இல்லை. எங்கே முட்டுகிறது என்பதற்கான அளவு. ஐம்பது வார்த்தை என்று எந்தக் கூட்டத்திலும் எழுந்து சொல்ல முடியாது. டீ கிடைக்காது.

எண்ணிக்கைக்கு நியாயமான முன்னோடி வேண்டுமென்றால் அந்தனி டிராலப் இருக்கிறான். தபால் இலாகா உத்தியோகஸ்தன், என் ஜாதி. காலை 5.30-க்கு மேஜைக்கு வந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதினான். கட்டம் போட்ட நோட்டில் அன்றன்றைய பக்கக் கணக்கை எழுதினான். அந்த நோட்டு அவனை விரட்ட அவனே வைத்துக்கொண்ட சவுக்கு, சுவரொட்டி அல்ல. விவரமாக இதைச் சொன்ன சுயசரிதம் அவன் செத்த பிறகு 1883-இல் வெளிவந்தது. அதற்குள் நாற்பதுக்கு மேல் நாவல்கள் அச்சில் நின்றிருந்தன. அப்படியும் இந்தக் கணக்கு அவன் பெயரைக் கெடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கைக் காட்டுவதில் உள்ள அபாயம் அத்தனை பழையது.

அடுத்து, படிப்பு. 1922 ஆகஸ்டில் வர்ஜினியா ‘யுலிஸஸ்’ இருநூறு பக்கம் படித்துவிட்டு எழுதியிருப்பதைப் பார்த்தால் நமக்கே கூசுகிறது. பருவைச் சொறியும் காலேஜ் பையன், தானே படித்துக்கொண்ட தொழிலாளி என்றெல்லாம் ஜாய்ஸைப் பற்றி. வர்க்கத் திமிர், கூடவே பொறாமை. செப்டம்பரில் லியனார்ட் ஒரு அமெரிக்க மதிப்புரையைக் கையில் கொடுக்கிறார். அதைப் படித்ததும், நான் நினைத்ததைவிடப் புத்தகம் கனமானது போலிருக்கிறது, சில அத்தியாயங்களைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறாள். ஆனால் முதல் அபிப்பிராயத்தை அடித்துவிடவும் இல்லை. இரண்டும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

இந்த இரண்டு பதிவுகளும் ஏன் சாத்தியமாயின? நோட்டு மூடிக் கிடந்ததால். ஆகஸ்டிலேயே அதை ஊருக்குப் படித்துக் காட்டியிருந்தால் செப்டம்பரில் என்ன செய்திருப்பாள்? நாமெல்லாம் என்ன செய்கிறோமோ அதை. கட்சி கட்டியிருப்பாள். ஜாய்ஸ் கோஷ்டி, எதிர்க் கோஷ்டி என்று பிரிந்து, முதலில் சொன்னதைக் காப்பாற்ற மேலும் மேலும் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். மாறாக நடந்தது என்ன? 1925-இல் ‘மிஸஸ் டாலவே’ வந்தது: ஒரு நகரம், ஜூன் மாதத்தில் ஒரே ஒரு நாள். டப்ளினின் ஒரு நாளோடு லண்டனின் ஒரு நாள் நடத்திய தர்க்கம் அது. தினசரி அபிப்பிராயம் தப்பாக இருந்தது. நாவல் அதைவிடப் புத்திசாலியாக இருந்தது. அபிப்பிராயத்தை அன்றன்றே செலவழித்துவிடுகிறவனுக்கு நாவலில் போட மிஞ்சுவது என்ன?

மூன்றாவது, அன்றாட அபிப்பிராயங்கள். முழு நாட்குறிப்பு ஐந்து பாகங்களாக 1977-க்கும் 1984-க்கும் இடையில் வந்துவிட்டது. அதில் நெல்லி பாக்ஸல் வருகிறாள். 1916 முதல் 1934 வரை அந்த வீட்டில் சமைத்தவள். அவளோடு சண்டை, அவள் நோட்டீஸ் கொடுப்பது, வாபஸ் வாங்குவது, எஜமானியின் குரூரமான வர்ணனைகள் என்று எத்தனையோ பக்கங்கள். யூதர்களைப் பற்றிய அசிங்கமான வரிகளும் உண்டு, கணவரோ யூதர். லண்டன் காலைகளில் ‘டு த லைட்ஹவுஸ்’ எழுதப்பட்டபோது அடுப்படியில் யார் நின்றாள் என்பது 1953-இன் பொறுக்கலில் தெரியாது. நம் நண்பர்களின் தினசரிகளிலும் அது தெரிவதில்லை. படித்த புத்தகம் வருகிறது. பாத்திரம் கழுவியவள் வருவதில்லை. லியனார்டாவது மனைவி இறந்த பிறகு கத்தரித்தார். இவர்கள் எழுதும்போதே கத்தரித்துக்கொள்கிறார்கள். பிறர் பார்க்க எழுதப்படும் நாட்குறிப்பில் எழுதுகிறவன் ஒருநாளும் அற்பனாக இருப்பதில்லை. அதுதான் அது பொய் என்பதற்கு அத்தாட்சி.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. பெரிய பிரசுரகர்த்தர் கிடையாத சுயேச்சை எழுத்தாளன் வாசகனை எப்படித் தக்கவைத்துக்கொள்வது என்பார்கள். உண்மையான கஷ்டம்தான், ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் சுயேச்சை என்பதற்கும் அவளே உதாரணம். 1917-இல் தம்பதிகள் சுமார் 19 பவுனுக்கு ஒரு கையச்சு இயந்திரம் வாங்கினார்கள். ரிச்மண்ட் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வைத்து, ஆளுக்கொரு கதையாக முதல் புத்தகத்தைச் சுமார் 150 பிரதிகள் அடித்தார்கள். எலியட்டின் ‘தி வேஸ்ட் லாண்ட்’ டுக்குத் தன் கையாலேயே எழுத்துக் கோத்தாள் வர்ஜினியா. ‘ஜேகப்ஸ் ரூம்’ தொடங்கி நாவல்களை இங்கிலாந்தில் தங்கள் ஹோகார்த் பிரஸ்ஸிலேயே போட்டார்கள். சந்தாதாரர்களும் இருந்தார்கள். சந்தாதாரருக்குப் போனது புத்தகம். இன்று இத்தனை வரி எழுதினேன் என்ற தாக்கீது அல்ல. எந்தப் பதிப்பாசிரியனுக்கும் காட்டாமல் எழுதுவதற்கு அச்சகம் வேண்டியிருந்தது. நம்மவர்கள் பதிப்பாசிரியன் ஒருவனிடமிருந்து தப்பித்து, தினமும் நூறு பேர் முகத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். இதற்குச் சுயேச்சை என்று பெயர்.

பின் நீ ஏன் அந்த நாட்குறிப்பைப் படிக்கிறாய் என்று கேட்கலாம். படிக்கிறேன், திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நாவல்கள் இருப்பதால் படிக்கிறேன். எங்கள் பாஷையில் சொன்னால், நாவல்கள் ஈடு. நாட்குறிப்பு அதன் பேரில் எழுந்த கடன். ஈடு இல்லாமல் வெறும் முகத்துக்காகக் கொடுத்த கடன்கள் என்ன ஆகின்றன என்று எங்கள் மேனேஜரைக் கேட்டால் சொல்வார். 1919-இல், முப்பத்தாறு வயதில், இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள் என்று யோசித்த வர்ஜினியாவுக்குத் தோன்றிய வாசகி ஐம்பது வயது வர்ஜினியா. அந்தக் கிழவியிடம் பொய் சொல்ல முடியாது. அவள் கைகொடுக்கமாட்டாள், வரியைக் காட்டு என்பாள்.

இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்றும் பார்த்துவிடுகிறேன். ஆறு வருஷமாக எழுதப்போகும் நாவலைப் பற்றி நானும் பேசிவருகிறேன். டெபாசிட் செக்ஷன் குமாஸ்தா ஒருவனுடைய கதை. இந்த வட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும். இரண்டு பேர் அதைப் பாராட்டியும் இருக்கிறார்கள். கதாநாயகனின் குடை, அவன் தங்கையின் கல்யாணம், கடைசிக் காட்சி எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு தடவை சொன்னபோதும் எழுதிவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். வீட்டில் இருப்பது பதினோரு பக்கம். போன ஞாயிறு எடுத்துப் படித்தேன். மூன்று பக்கம் தேறும்.

நண்பரின் நாவல் வரட்டும். 60,000 வார்த்தையும் நல்ல வார்த்தையாக இருந்தால் என் செலவில் டீ. அதுவரை அடுத்த கூட்டத்தில் யாராவது எண்ணிக்கை சொன்னால் ஒரு பக்கத்தைப் படியுங்கள் என்று கேட்கப்போகிறேன். என்னிடமும் கேளுங்கள்.