பாலத்துக்கு முன் வானம்

1966 ஜூலையில், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், எல் கேப்பிடன் என்ற பாறைச்சுவரின் உச்சியிலிருந்து மைக்கேல் பெல்கி, பிரையன் ஷூபர்ட் என்ற இருவர் பாராசூட்டோடு குதித்தார்கள். சுவரின் உயரம் சுமார் 900 மீட்டர். இருவரும் விமானத்திலிருந்து குதித்துப் பழகியவர்கள்தான். ஆனால் முதுகில் இருந்தது அந்தக் காலத்து வட்டப் பாராசூட். காற்று தள்ளுகிற பக்கம்தான் அது போகும். அன்று காற்று பாறைப் பக்கம் தள்ளியது. இருவருக்கும் எலும்பு முறிந்தது, உயிர் பிழைத்தார்கள்.

1978 ஆகஸ்டில் அதே உச்சியிலிருந்து நான்கு பேர் குதித்தார்கள். கார்ல் போனிஷ் அதைப் படமாக்கினார். கட்டடம், ஆன்டெனா கோபுரம், பாலம், மலை விளிம்பு என்று அசையாமல் நிற்கும் ஒன்றிலிருந்து குதிக்கும் பேஸ் ஜம்ப்பிங் இன்று நாம் காணும் வடிவில் பரவியது அதற்குப் பிறகுதான். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் பாறை அப்படியேதான் இருந்தது. இறக்கைபோல முன்னோக்கிப் பறந்து, இழுத்த பக்கம் திரும்பும் சதுரப் பாராசூட் வந்திருந்தது. விழும்போதே உடலை நீட்டிச் சாய்த்துச் சுவரைவிட்டு விலகும் ‘டிராக்கிங்’ நன்றாகக் கைவந்திருந்தது. இரண்டையும் அவர்கள் விமானத்திலிருந்து குதித்துக் குதித்துத்தான் பழகியிருந்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் என் அண்ணன் மகன். அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அங்கே, விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங்கில் முதல்நிலையான ‘ஏ’ உரிமம் எடுத்துவிட்டான். அதற்குக் குறைந்தது 25 முறை குதித்திருக்க வேண்டும். போன வாரம் தொலைபேசியில் கேட்டான்: “சித்தப்பா, பாலத்துல இருந்து குதிக்கறதுக்கு எதுக்கு எரநூறு தடவ ப்ளேன் ஏறணும்? அது வேற, இது வேற இல்லையா? நேரா இதையே கத்துக்கக் கூடாதா?” நான் குதிப்பவன் அல்ல. குதிப்பவர்களோடு பழகி, பார்த்து, படித்துத் தெரிந்துகொண்டவன். அவன் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற பதைப்பும் எனக்கு உண்டு. அதனால் போனில் சொன்னது போதவில்லை என்று பட்டது.

அவன் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டும் வேறுதான். விமானத்தை விட்டு வெளியே வந்த கணத்திலேயே, அதன் வேகத்தால் எதிர்க்காற்று உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. கையை லேசாகச் சாய்த்தால் திரும்பலாம், முதுகை வளைத்தால் நிலைப்படலாம். பாலத்தின் விளிம்பில் அந்தக் காற்று கிடையாது. முதல் இரண்டு விநாடியில் சுமார் 20 மீட்டர் விழுவோம். அதுவரை பிடித்துக்கொள்ளக் காற்றில் ஒன்றும் இல்லை. ஒரு காலை மட்டும் அழுத்தி உந்தியிருந்தால் உடம்பு சுழலும், அதைத் திருத்த வழியும் இராது. ஆயிரம் முறை விமானத்திலிருந்து குதித்தவருக்கும் இது புதிது. வெப்பக்காற்று பலூனிலிருந்து குதித்தால் கொஞ்சம் பழகலாம். நின்ற நிலையிலிருந்து விழும் அந்த வெறுமை அங்கே கிடைக்கும், கீழே போதுமான உயரமும் இருக்கும்.

ஆனால் காலை விளிம்பைவிட்டு எடுத்த பிறகு நடப்பதில் பெரும்பகுதி பாராசூட்டின் கீழ்தான் நடக்கிறது. இளைஞர்கள் இணையத்தில் பார்க்கும் படங்களில் விளிம்பும் விழுதலும்தான் இருக்கும்; அடுத்து வரும் அரை நிமிடத்தை யாரும் பார்ப்பதில்லை. உயிர் அங்கேதான் தொங்குகிறது.

ஐடஹோ மாநிலத்தின் ட்வின் ஃபால்ஸ் ஊரில், ஸ்னேக் ஆற்றின் மேல் நிற்கும் பெரைன் பாலத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் 486 அடி, அதாவது 148 மீட்டர். ஆண்டு முழுவதும் அனுமதிச்சீட்டு இல்லாமலே குதிக்கலாம் என்பதால் முதல்முறை குதிப்பவர்கள் பலர் அங்கேதான் வருகிறார்கள். பாராசூட் திறக்காவிட்டால் ஐந்தரை விநாடியில் தண்ணீர். அதனால் தொடக்கத்தில் பயிற்சியாளர் பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் ‘பைலட் சூட்’ என்னும் சிறு குடையைத் தன் கையிலேயே பிடித்துக்கொள்கிறார்; குதித்தவர் விழ விழ அது விரிந்துவிடும். இதைக் கற்றுக்கொடுப்பது கஷ்டமில்லை. துணிச்சல் உள்ள யாரும் செய்துவிடலாம். அதற்குப் பிறகு?

விரிந்த பாராசூட் எந்தத் திசையைப் பார்த்துத் திறக்கும் என்பது யார் கையிலும் முழுதாக இல்லை. மடித்தது கோணலாக இருந்தாலோ, இழுத்தபோது ஒரு தோள் தாழ்ந்திருந்தாலோ திரும்பித் திறக்கும். வானத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. 3,000 அடியில் வடக்குக்குப் பதில் தெற்கு பார்த்துத் திறந்தால் மெதுவாகத் திருப்பிக்கொள்ளலாம். மலைச்சுவரின் முன்னால் அப்படித் திறந்தால், முன்னோக்கிப் பறக்கும் அந்தச் சதுரத் துணி நேராகப் பாறையை நோக்கிப் பறக்கும். பேஸ் ஜம்ப்பிங்கில் மிகவும் அஞ்ச வேண்டிய விபத்துகளில் ஒன்று இது. அப்போது தோளுக்கு மேலே இருக்கும் பின்பட்டைகளை உடனே இழுத்துத் திருப்ப வேண்டும். யோசித்துச் செய்ய நேரம் இல்லை; கை தானாகப் போக வேண்டும். தரையிலிருந்து தொலைவில், தப்பு செய்தால் மன்னிக்கும் உயரத்தில், திரும்பத் திரும்பச் செய்தால்தான் கை அப்படிப் போகும். கிணற்றில் கைகால் அடித்துப் பழகாதவனை யாரும் காட்டாற்றில் இறக்குவதில்லை.

இறங்குவதும் அப்படித்தான். விமானத்தளத்தில் பெரிய புல்வெளி விரிந்து கிடக்கும். நூறு அடி தள்ளி இறங்கினால் நடந்து வந்துவிடலாம். பெரைன் பாலத்தின் கீழே ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கற்சரிவு, நடுவே ஒரு சிறு திட்டு. அதில் இறங்க, பிரேக்கை எவ்வளவு இழுத்தால் பாராசூட் மெதுவாகும், எங்கே அதற்குமேல் பறக்காமல் அப்படியே கீழே சரிந்துவிடும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த எல்லையை 3,000 அடியில் தேடிப் பார்க்கலாம். 100 அடியில் தேட முடியாது.

இன்னொன்றும் உண்டு. வானத்தில் முதல் பாராசூட் சிக்கினால் அதை வெட்டிவிட்டு இரண்டாவதைத் திறக்கலாம். புதியவர்கள் 2,500 அடிக்குக் கீழே இறங்கும் முன்பே அந்த முடிவை எடுக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் பரிந்துரை. நினைவு தப்பினால்கூட உயரத்தை அளந்து தானே திறந்துவிடும் கருவி இருக்கிறது. பாலத்தில் குதிப்பவர் முதுகில் இருப்பது ஒரே ஒரு பாராசூட். கருவியும் இல்லை. அந்த ஒன்றை மடிப்பது அவரவர் கை. விமானத்தளங்களில் காசு கொடுத்து மடிக்கச் சொல்லும் பழக்கம் உண்டு. என் அண்ணன் மகனும் அப்படித்தான் செய்துவந்தான். அதை முதலில் விடச் சொன்னேன்.

சரி, அந்த 200? பேஸ் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் பொதுவாக 150, 200 என்ற அளவில் கேட்கிறார்கள். இறக்கைபோல விரியும் ‘விங்சூட்’ உடை அணிந்து விமானத்திலிருந்து குதிக்கக்கூட அமெரிக்கச் சங்கம் கேட்பது 200தான். எண்ணை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நிரப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்கைடைவிங்கில் தேறத் தேறச் சிறிய, வேகமான பாராசூட்டுக்கு மாறுவதுதான் நாகரிகம். நண்பர்களோடு கைகோத்து வானத்தில் வட்டம் போட்டுவிட்டு, கடைசி நேரத்தில் பிரிந்து, வேகமான பாராசூட்டில் பாய்ந்து இறங்கி 200 முறை முடித்தவருக்கு, பாலத்தின் கீழே உள்ள சிறு திட்டைப் பற்றி என்ன தெரியும்? பெரிய, நிதானமான, ஏழு அறைகள் கொண்ட பாராசூட்டில், ஒவ்வொரு முறையும் குறித்த இடத்தில் இறங்கப் பார்த்து 120 முறை குதித்தவரைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

இவ்வளவும் செய்தாலும் ஆபத்து போய்விடாது. நார்வேயில் ஷெராக் மலையில் 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய 2,300-க்கு ஒருவர். 2021-இல் அமெரிக்கா முழுவதும் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்கைடைவிங் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். காலமும் இடமும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. ஆனாலும் அந்த இடைவெளியைப் பார்க்காமல் யாரும் விளிம்புக்குப் போகக் கூடாது. கார்ல் போனிஷே 1984-இல் நார்வேயின் ட்ரோல்வெகன் மலையில் குதித்து இறந்தார். 1966-இல் எல் கேப்பிடனில் தப்பிய பிரையன் ஷூபர்ட், 40 ஆண்டுகள் கழித்து மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் பள்ளத்தாக்குப் பாலத்திலிருந்து குதித்தார். பாராசூட் மிகவும் தாமதமாகத் திறந்தது. அவருக்கு வயது 66. அனுபவம் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டித் தரும், அவ்வளவுதான். அதையும் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு குதிப்பையும் எழுதி வைக்க ஸ்கைடைவர்களிடம் ஒரு குறிப்பேடு இருக்கும். தேதி, விமானம், உயரம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அதில் மூன்று பத்திகள் கூட்டச் சொல்லியிருக்கிறேன்: யார் மடித்தது, எந்தத் திசை பார்த்துத் திறந்தது, குறித்த இடத்திலிருந்து எத்தனை அடி தள்ளி இறங்கியது. கடைசிப் பத்தியில் ஐம்பது வரிகள் தொடர்ந்து முப்பது அடிக்குள் நின்றால், ட்வின் ஃபால்ஸில் ஒரு பயிற்சியாளரிடம் அந்தப் புத்தகத்தை நீட்டி, நான் தயாரா என்று கேட்கட்டும்.