பார்வோனும் என் தங்கச்சியின் காய்ச்சலும்

(மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு மணி வரை விடுதியில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள் நிறையப் பேர். அதைக் குற்ற உணர்ச்சியோடு செய்கிறவன் அநேகமாக நான் ஒருத்தன்தான்! ஏனென்றால் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை எந்த ஞாயிறும் ஐந்து மணிக்கு மேல் நான் பாயில் கிடந்ததில்லை.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். நாங்கள் போன சபை மிகவும் கண்டிப்பானது. பெயர் வேண்டாம். சினிமா கூடாது, டி.வி. கூடாது, நகை கூடாது. பக்கத்து வீட்டார் ஆசையாகக் கொடுத்தனுப்பும் பொங்கலைத் தொடக்கூடாது. காய்ச்சல் வந்தால் மாத்திரை கூடாது, ஜெபம்தான் மருந்து. சின்ன வயதில் இதெல்லாம் எனக்குப் பாரமாகவே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பெருமையாக இருந்தது. ஊரே அழியும், நாங்கள் மட்டும் தப்புவோம் என்றால் யாருக்குத்தான் பெருமை இருக்காது?

அந்தப் பெருமை என் தங்கச்சியின் காய்ச்சலில் உடைந்தது.

நான் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த லீவு. தங்கச்சிக்கு ஒன்பது வயது. எட்டு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. பாஸ்டர் ஐயா வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். "தேவ சித்தம் எதுவோ அதுதான் நடக்கும். நாம குறுக்கே போகக்கூடாது" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒன்பதாம் நாள் ராத்திரி எங்கள் ஆச்சி வந்தாள். ஆச்சி சபைக்கு வராதவள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள், ஆட்டோவில் ஏறினாள், அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். டைபாய்டு! "இன்னும் தாமசிச்சிருந்தா குடல்ல ஓட்டை விழுந்திருக்கும்" என்று டாக்டர் திட்டித் தீர்த்தார். ஊசியும் குளுக்கோசும் ஏறிய பிறகு தங்கச்சி பிழைத்தாள்.

அவள் வீடு திரும்பியபின் வந்த ஞாயிறு. ஜெபத்தால் பிழைத்தாள் என்று சாட்சி சொல்லும்படி என்னை எழுப்பினார்கள். நான் எழுந்து நின்று கேட்டேன்: "ஐயா, எல்லாம் தேவ சித்தம்னா, ஆச்சி ஆட்டோ பிடிச்சதும் தேவ சித்தம்தானே? அந்த ஊசியும் அப்படித்தானே?" யாரும் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் 'பின்மாற்றக்காரன்' ஆனேன். நான் சபைக்குப் போவதை நிறுத்தினேன். அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்தினார்.

பிறகு இந்தக் கல்லூரி, இந்த விடுதி. எங்கள் அறையில் ஒருவன் ஜாதகப் பிரியன், இன்னொருவன் கருப்புச் சட்டைக்காரன். நான் நடுவில்! விளக்கணைத்த பிறகுதான் விவாதம் சூடு பிடிக்கும். ஜாதகக்காரன் மூன்று அரியர் வைத்தபோது, "எல்லாம் ஏழரைச் சனி மக்கா" என்றான். அடுத்த தடவை மூன்றையும் பாஸ் செய்தபோது, "ராப்பகலா உக்காந்து படிச்சேன்லா" என்றான். தோற்றால் விதி, ஜெயித்தால் நானா? நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தானே!

நான் கையில் எடுத்த ஆயுதம் பார்வோன். எகிப்து ராஜாவான பார்வோன் இஸ்ரவேலரைப் போகவிட மறுக்கிறான். யாத்திராகமம் 8-ஆம் அதிகாரத்தில் அவனே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். 9-ஆம் அதிகாரத்தில் கர்த்தரே அதைக் கடினப்படுத்துகிறார். அப்புறம் தண்டனையும் அவனுக்குத்தான்! ஸ்விட்சை அணைத்தவர் ஒருவர், எரியவில்லை என்று பல்பை உடைப்பதா? இதை ஊரில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். ரோமர் நிருபத்தைத் திறந்து, குயவனிடம் களிமண் கேள்வி கேட்கலாமா என்றார். "களிமண் கேக்காதுங்க ஐயா. நான் கேக்குறேனே, அப்ப நான் களிமண் இல்லையே!" என்றேன். பெரியவர் புத்தகத்தை மூடிவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் நூலகத்தில் தேடிப் படிக்கப் படிக்க அந்தச் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது. தமிழில் 'கடினப்படுத்துதல்' என்று நாம் படிக்கும் அந்த இரண்டு இடங்களிலும் எபிரெய மூலத்தில் ஒரே சொல் இல்லை. ஒன்றுக்குக் 'கனமாக்குதல்' என்று பொருள், மற்றதற்குப் 'பலப்படுத்துதல்' என்று பொருள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவு பெற்றது. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்ட வேதாகமம் வந்தது 1871-இல். ஒவ்வொரு முறையும் சில மனிதர்கள் உட்கார்ந்து, இந்தச் சொல்லா அந்தச் சொல்லா என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரு வரியைக் காட்டி ஒருவன் வாயை அடைக்க பாஸ்டருக்கும் உரிமையில்லை, எனக்கும் உரிமையில்லை.

என் கேள்வியும் புதிதில்லை. மனிதனால் தானே நன்மையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றார் பெலாகியுஸ். கடவுளின் கிருபை இல்லாமல் முடியாது என்றார் அகுஸ்தீன். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸ் கொள்கையைத் தள்ளினார்கள். ஆயிரம் வருஷம் கழித்தும் சண்டை ஓயவில்லை. 1524-இல் மனிதச் சித்தத்துக்குச் சுதந்திரம் உண்டு என்று எராஸ்மஸ் எழுத, இல்லை என்று 1525-இல் லூத்தர் பதில் எழுதினார். இதில் ஒருவர்கூட நாத்திகர் இல்லை!

நம் ஊரிலும் இதே கதைதான். எல்லாம் நியதி என்ற ஆசீவகர்களின் வாதம் மணிமேகலையில் வருகிறது. வள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழைவிட வலியது எது என்கிறார். 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில், சோராமல் உழைப்பவன் ஊழையே புறமுதுகு காணச் செய்வான் என்கிறார். இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைக்க அவருக்குத் தயக்கமில்லை.

"விஞ்ஞானத்துக்கு வா" என்பான் கருப்புச் சட்டைக்காரன். வந்தேன். 1983-இல் பெஞ்சமின் லிபெட் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கையை அசைக்கப் போகிறேன் என்று ஒருவர் உணர்வதற்குச் சுமார் மூன்றில் ஒரு வினாடி முன்பே அவர் மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிடுகிறதாம். பிறகு 2012-இல் வேறு ஆய்வாளர்கள், அது முன்கூட்டியே எடுத்த முடிவாக இருக்கவேண்டியதில்லை, மூளையின் இயல்பான 'நாய்ஸ்' ஏறி இறங்குவதாகவும் இருக்கலாம் என்றார்கள். ஆக, அங்கேயும் வழக்கு முடியவில்லை.

இவ்வளவு படித்தும் எனக்குப் புத்தி வந்தது நூலகத்தில் அல்ல, மெஸ்ஸில்.

முதலாமாண்டுத் தம்பி ஒருவன் சாப்பிடுமுன் கண்மூடி ஜெபிப்பான். ஒருநாள் பத்துப் பேர் முன்னால் அவனிடம் பார்வோன் கேள்வியைப் போட்டேன். திணறினான். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் அவன் கண்மூடவில்லை. என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாக அள்ளிப் போட்டான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாஸ்டர் ஐயாவை நான் பார்த்த அதே பயந்த பார்வை! சபையை விட்டு வெளியே வந்தவன், சபையின் கண்டிப்பைக் கூடவே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்!

நண்பர்களே, கேரளத்தில் 1985-இல் மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கண்டிப்பான மதத்தை விட்டு வந்தவன் நான். இருந்தும் அந்தத் தீர்ப்பைக் கும்பிடுகிறேன். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தரும் மனச்சாட்சிச் சுதந்திரம் ஒன்றுதான். அவர்கள் பாடாமல் நின்றதும் அதனால், நான் சபைக்குப் போகாமல் நிற்பதும் அதனால்.

ஆகவே என் கருத்து இதுதான். சித்தம் சுதந்திரமானதா என்ற கேள்விக்கு இரண்டாயிரம் வருஷமாக முடிவு இல்லை. ஆனால் அடுத்தவன் சித்தத்தை மிதிக்காமல் இருக்க அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தாராளமாக வாதம் செய்வோம், ஆளை அவமானப்படுத்த வேண்டாம். அதே நேரம் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். வளர்ந்தவன் தன் காய்ச்சலுக்கு மாத்திரை வேண்டாம் என்றால் அது அவன் பாடு. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல எந்த வேதத்துக்கும் எந்த அப்பாவுக்கும் உரிமை கிடையாது. அங்கே வாதமே இல்லை, ஆட்டோதான்!

அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அண்ணே, உங்க கேள்விக்குப் பதில் இன்னும் தெரியல. ஆனா ஜெபம் பண்ணாம சாப்பிட்டா சோறு இறங்க மாட்டேங்குது" என்றான். "அப்ப பண்ணுடா தம்பி. நான் அதுவரைக்கும் தொட மாட்டேன்" என்றேன். இப்போது அவன் ஆமென் சொல்லும் வரை நானும் காத்திருக்கிறேன். எனக்கு நம்பிக்கை திரும்பிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மரியாதைதான்.

போன லீவில் தங்கச்சிக்குச் சளி பிடித்தது. அம்மா அவள் தலையில் கைவைத்து ஜெபித்தாள். பிறகு அடுக்களைக்குப் போய் மாத்திரையும் வெந்நீரும் கொண்டு வந்தாள். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. என்னிடமும் இன்னும் பேசவில்லை.

இந்த ஆண்டு மலர் கையில் கிடைத்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் வேதாகமம் வைக்கும் மேசையில் இந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கப்போகிறேன். படிப்பதும் படிக்காததும் அவர் சித்தம்!