இட்லிக்கு ஹாட்பேக்... ரோட்டுக்கு?



கல்யாண வீட்டுக்குப் போகிறோம். விடியற்காலை வெந்த இட்லி, எட்டு மணிப் பந்தியிலும் சூடாக இலையில் விழுகிறது. காரணம், ஹாட்பேக். இட்லியின் சூட்டைக் காக்க இவ்வளவு அக்கறை காட்டும் நாம், 150 டிகிரியில் பிளாண்ட்டை விட்டுக் கிளம்பும் தார்க் கலவையை என்ன செய்கிறோம்? டிப்பரில் கொட்டி, மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்தி (அதுவும் கிழிஞ்சது!), கடவுள் விட்ட வழி என்று அனுப்பிவிடுகிறோம்.

"குழியை மூடுறதுல என்னப்பா பெரிய இன்ஜினியரிங்?" என்று மற்ற பிரிவு நண்பர்கள் கேலி செய்வதுண்டு. மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி, 2022-ம் ஆண்டில் மட்டும் ரோட்டுக் குழிகளால் இந்தியாவில் இறந்தவர்கள் 1,856 பேர். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, ரோட்டை ஒழுங்காகப் போடாமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. இன்றைக்குச் சிரித்துவிடலாம். நாளைக்கு அந்தக் கையெழுத்தைப் போடப் போவது டிப்ளமோ படித்த நாம்தான்!

வகுப்பில் படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். நம் ரோடுகளில் அதிகம் புழங்கும் வி.ஜி.-30 தாருக்கு, மத்திய சாலை அமைச்சகத்தின் விதிமுறைப் புத்தகம் கணக்குச் சொல்கிறது. கலவை தயாராகும்போது 150 முதல் 165 டிகிரி. பரப்பும்போது 140-க்குக் குறையக்கூடாது. 90 டிகிரிக்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். சூடு குறைந்தால் தார் இறுகும். ஜல்லி ஒன்றோடொன்று நெருங்காது. உள்ளே காற்றிடம் நிற்கும். ஐப்பசி மழைத் தண்ணீர் அந்த இடத்தில் குடியேறும். அப்புறம் என்ன, லாரி டயர் ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒட்டு பெயர்ந்து வரும்.

புது ரோட்டில் இந்தத் தொல்லை குறைவு. டிப்பர் வந்ததும் பேவரில் கொட்டி முடித்துவிடுகிறார்கள். பேட்ச் ஒர்க் அப்படியா? ஒரு குழியை வெட்டி, சுத்தம் செய்து, டேக் கோட் அடித்து, நிரப்பி, இடித்து, அடுத்த குழிக்கு நகர வேண்டும். கலவை காத்துக்கிடக்கும்.

இன்-பிளாண்ட் டிரெயினிங்கில் ஓர் இடத்தில் நானே பார்த்தேன். காலை பத்து மணிக் குழியில் கலவை புகைந்தது. மூணு மணிக் குழிக்கு, அதே கலவையைக் கடப்பாரையால் உடைத்து எடுத்தார்கள்.

"அண்ணே, இது பிடிக்குமா?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"பிடிக்கிற வரைக்கும் பிடிக்கும் தம்பி. குழி மூடியாச்சா, இல்லையா... நமக்கு அதுதான் கணக்கு" என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? சூட்டைக் காக்கும் சாதனத்தை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லையே! அந்தச் சாதனத்தின் பெயர் ஹாட் பாக்ஸ். இன்சுலேஷன் செய்த, அடியில் சூடேற்றும் வசதியுள்ள கலவைப் பெட்டி. டிரெய்லரில் ஏற்றி டிராக்டரால் இழுத்துப் போகலாம். ஆனால் 'பெரிசா வாங்கு, பெரிய பர்னரா வாங்கு' என்கிற நம் ஊர்ப் பழக்கம் இதில் உதவாது. பெட்டி சின்னதாக, காப்பு கனமாக, தீ சிறிதாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 5 செ.மீ. ஆழமுள்ள குழிக்கு, இடித்து இறுகிய பிறகு சுமார் 29 கிலோ கலவை பிடிக்கும். ஒரு நாளில் 50 குழி போட்டாலும் ஒன்றரை டன்தான்! பிறகு எதற்குப் பத்து டன் டிப்பர்? 2 டன் பெட்டி போதும். அன்றன்றைக்குக் காலியாகிவிடும்.

இரண்டாவது, காப்பு. 2 டன் பெட்டியின் மேற்பரப்பு சுமார் 8 சதுர மீட்டர் என்று வையுங்கள். சுற்றிலும் 75 மி.மீ. ராக்வூல். அதன் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.05. உள்ளுக்கும் வெளிக்கும் 120 டிகிரி வித்தியாசம். பெருக்கி வகுத்தால் வெப்ப இழப்பு 640 வாட். அட, ஒரு அயர்ன் பாக்ஸ் அளவுதான்! பத்து மணி நேரத்தில் 2 டன் கலவை இழக்கும் சூடு ஏறக்குறைய 12 டிகிரி. 155-ல் ஏற்றினால் 140-க்கு மேலேயே நிற்கும். கதவைத் திறந்து மூடுவதில் போகும் சூடு தனி.

அப்படியானால் தீ எதற்கு? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பெட்டி காலியாகக் காலியாக இழப்பு பெரிதாகக் குறையாது. ஆனால் கலவை குறைந்துவிடும். கடைசி அரை டன், நிறைந்த பெட்டியைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் ஆறும். சாயங்காலக் குழிகளுக்குப் போவது அந்த அரை டன்தானே! அதைக் காப்பாற்றத்தான் தீ. இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு இருந்தால் போதும்.

பெரிய பர்னரை நேரடியாக அடித்தகட்டில் காட்டினால், ஒட்டியிருக்கும் கலவை கருகும். கருகிய தார் உயிர்போன தார், வெடிப்பு விடும். ஆகவே எண்ணெய் ஜாக்கெட் வழியாகவோ மின்சார எலிமென்ட் வழியாகவோ சூடு பரவுவது மேல். எண்ணெய் ஜாக்கெட் கனம் கூட, சூடேற நேரமும் பிடிக்கும். ஆனால் சீராக இருக்கும். மின்சாரம் என்றால் ராத்திரி டெப்போவில் பிளக்கைச் சொருகிவிடலாம். எதுவானாலும் தெர்மோஸ்டாட் இல்லாத பெட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

மூன்றாவது, கதவு. இதை விலைப்பட்டியலில் யாரும் பார்ப்பதில்லை. காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கையுறை இல்லாமல், கொதிக்கும் கலவையைப் பாண்டில் சுமக்கும் அக்காக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். டிப்பர் மேலே ஏறிச் சுரண்டித் தள்ளும் அண்ணன்களையும்தான். பெட்டியின் கதவு இடுப்புக்குக் கீழே இருந்து, சரிவாகப் பாண்டிலோ குழியிலோ இறக்கினால் பாதி ஆபத்து போச்சு. கலவை ஒட்டாமலிருக்க டீசல் தடவும் பழக்கத்தையும் விட வேண்டும். டீசல் தாரையே கரைத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

"மழை நேரத்தில் பிளாண்ட்டே ஓடாதே, பெட்டியை வைத்து என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தண்ணீர் நிற்கும் குழியில் சூட்டுக் கலவை கொட்டுவதும் வீண்தான். அவசரத்துக்குக் குளிர் கலவை இருக்கிறது. அதற்கான இந்திய ரோடு காங்கிரஸ் விதிமுறைகள் 2014-ல் வந்துவிட்டன. மழை விட்ட நாளில் ஒழுங்காக ஒட்டுப்போடத்தான் ஹாட் பாக்ஸ். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்பதில்லை.

கடைசியாக, நம் கல்லூரிக்கே ஒரு யோசனை. வருஷா வருஷம் பழைய பிராஜெக்ட் ரிப்போர்ட்டை அட்டை மாற்றிக் கொடுப்பதை நிறுத்துவோம். கால் டன் மாதிரிப் பெட்டி ஒன்றைச் செய்வோம். தகடு வெட்டி வெல்டிங் செய்ய மெக்கானிக்கல், தெர்மோஸ்டாட்டுக்கு எலெக்ட்ரிக்கல், கலவைக்கும் சோதனைக்கும் சிவில். மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துச் சூட்டைக் குறிப்போம். நான் மேலே போட்ட கணக்கு சரியா, தப்பா என்று பெட்டியே சொல்லட்டும். வரும் அந்த அட்டவணையோடு நகராட்சி இன்ஜினியர் முன்னால் போய் நிற்போம். வெறும் மனுவைவிட அதற்கு மரியாதை உண்டு.

வருகிறவர்கள் கை தூக்குங்கள்!

— மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு